எட்டரை மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே மூன்று மில்லிபார்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்:

"அப்பா வைத்திருந்த அனிராய்டு பாரோமீட்டரில் (உலோகப் பெட்டி வைத்த காற்றழுத்தமானி) 2014 முதல் மார்கழி, தை இரண்டு மாதமும் தினம் ஒருமுறை காற்றழுத்தத்தைக் குறித்து வருகிறேன். பள்ளிக்குக் கிளம்பும் முன் காலை எட்டரைக்குப் பார்ப்பேன். கஜா புயலில் ஓட்டு வீடு போனது. மாடி வைத்துக் கட்டி, கருவியையும் மாடியில் மாட்டினேன். 2019இல் ஓய்வு பெற்றபின் மாலை நாலு மணி டீயோடு பார்ப்பது பழகிவிட்டது. முன்பைவிட இப்போது சராசரி மூன்று மில்லிபார் குறைவு. தெளிப்பு உளுந்துக்குப் பழைய பனியும் இல்லை. பனிக்காலத்து அழுத்தமே மாறிவிட்டதா? குறிப்பைத் தொடரலாமா?"

சார், அந்த மூன்று மில்லிபாரும் உங்கள் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது.

முதலில் கடிகாரம். நம் பக்கத்தில் காற்றழுத்தம் ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நாலு மணி வாக்கில் பள்ளம். இரவு பத்தில் மறுபடி ஏற்றம், விடியற்காலை நாலில் மறுபடி இறக்கம். கடலின் ஏற்ற வற்றத்தைப் போன்றதுதான், ஆனால் இதை ஆட்டுவது நிலா அல்ல. வெயில் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் அலை இது. வெப்ப மண்டலத்தில் இது மிகத் தெளிவாகத் தெரியும். பகலின் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மூன்று, நான்கு மில்லிபார் வித்தியாசம் சாதாரணம். எட்டரைக்குப் பார்த்ததை நாலு மணிக்கு மாற்றினால் மூன்றை ஒட்டிக் குறைந்துதான் காட்டும். மாலையில் முள் இறங்குகிறதே, புயல் வருமோ என்று போனில் அழுத்தம் பார்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். காலை பத்து மணிக்கு ஏறவேண்டியது ஏறாமல் கிடந்தால் கேளுங்கள் என்பேன்.

அடுத்தது மாடிப்படி. கடல்மட்டத்தை ஒட்டிய நிலத்தில் எட்டு மீட்டருக்குச் சற்றே கூட ஏறினால் ஒரு மில்லிபார் குறையும். ஒரு மாடி உயரம் என்பது மூன்றில் ஒரு பங்கு மில்லிபாருக்கு மேல். சின்னத் தொகைதான். ஆனால் பத்து, இருபது வருஷத்தில் நாம் தேடும் மாற்றமும் ஒரு மில்லிபாரின் சிறு பங்காகத்தான் இருக்கும் என்பதால், மாடிப்படியை மறந்தவர் பருவநிலை மாற்றத்தைக் கண்டுபிடித்துவிடுவார்! அனிராய்டின் உலோகப் பெட்டியும் வயதாக ஆகத் தளரும். வருஷத்துக்கு ஒருமுறையாவது அருகிலுள்ள வானிலை நிலையத்தின் அன்றைய அளவோடு ஒத்துப் பாருங்கள். படிக்கும் முன் கண்ணாடியில் விரலால் லேசாக ஒரு தட்டு தட்டுங்கள், சிக்கிய முள் விடுபடும்.

சரி, கருவி, நேரம், இடம் மூன்றும் ஒழுங்காக இருந்திருந்தால்? அப்போதும் ஓர் ஊரின் அளவை வைத்துப் பெரும் பரப்பின் அழுத்த அமைப்பு மாறியதாகச் சொல்ல முடியாது. அதற்கு இரண்டு இடங்களின் வித்தியாசம் வேண்டும். காற்று வீசுவதே வித்தியாசத்தால்தானே. தை மாதத்தில் வடமேற்கு இந்தியாவில் சராசரி 1019 மில்லிபார் அளவில் இருக்கும். நம் தென்கோடியில் 1013ஐ ஒட்டி. இந்த ஆறு மில்லிபார் சரிவுதான் நமக்கு வாடையைத் தள்ளிவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு ஏறினால் உங்கள் முள் நகரும், வாடை நகராது.

இந்த வித்தியாசக் கணக்கை உலக அளவில் போட்டவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த கணித வல்லுநர். பருவமழை பொய்ப்பதை முன்கூட்டி அறிய வழி தேடி, உலகெங்கும் இருந்து அழுத்தக் குறிப்புகளைத் திரட்டி ஒப்பிட்டார். ஓரிடத்தில் அழுத்தம் ஏறினால் தொலைவில் இன்னோரிடத்தில் இறங்கும் ஊசலாட்டங்களான தெற்கு அலைவும் வட அட்லாண்டிக் அலைவும் அதில்தான் பிடிபட்டன. முன்னதற்கு இன்று பசிபிக் தீவான டஹிடிக்கும் ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளக்கிறார்கள். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பின்னால் இருப்பது இந்த எண்தான். பின்னது குளிர்காலத்தில் ஐஸ்லாந்துக்கும், தெற்கே அட்லாண்டிக்கின் அசோர்ஸ் தீவு அல்லது போர்ச்சுகலின் லிஸ்பனுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டு ஊரையும் அப்படியே கழித்துவிடக் கூடாது. மேட்டூரில் பத்து அடி ஏறி இறங்குவதை யாரும் கண்டுகொள்வதில்லை. கோயில் குளத்தில் இரண்டடி இறங்கினால் ஊரே பேசும். அதுபோல ஐஸ்லாந்தின் அழுத்தம் இயல்பாகவே மிக அதிகமாக ஆடும், அசோர்ஸ் அவ்வளவு ஆடாது. அதனால் ஒவ்வொரு ஊரின் அளவிலிருந்தும் அதன் நீண்டகாலச் சராசரியைக் கழித்து, அந்த ஊரின் வழக்கமான ஆட்டத்தால் வகுத்து, அதன் பிறகே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்கள். அழுத்த மையங்கள் இடம் நகர்வதால் இரண்டு ஊர் போதாது என்று, முழு வரைபடத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்த வடிவம் அதிகம் ஆடுகிறது என்று கணினியில் பார்க்கும் முறையும் உண்டு. அதிலும் எச்சரிக்கை தேவை. செயற்கைக்கோள் தரவு பெருகிய 1979க்கு முன்னும் பின்னும் தரவின் அடர்த்தியே வேறு.

இவ்வளவு செய்தும் ஏமாந்த கதை இருக்கிறது. வட அட்லாண்டிக் எண் 1960களில் தாழ்ந்து கிடந்து, 1990களின் தொடக்கம் வரை விறுவிறுவென்று ஏறியது. ஏறிக்கொண்டே போகும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். பிறகு இறங்கியது, 2009-10 குளிர்காலத்தில் பதிவிலேயே மிகத் தாழ்ந்த அளவுக்குப் போனது. எந்த வருஷத்தில் கோட்டைத் தொடங்கி எதில் முடிக்கிறோம் என்பதே ஏற்றமா இறக்கமா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. நமக்கே தெரிந்த கதைதான். 2016இல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்ததே, அந்த வருஷத்தில் ஒருவர் மழைக்குறிப்பைத் தொடங்கியிருந்தால் டெல்டாவில் மழை கூடிக்கொண்டே போகிறது என்றுதான் அவர் நோட்டு சொல்லும்.

அதனால் முப்பது வருஷத்துக்குக் குறைந்த தொடரில் போக்கு என்ற சொல்லையே நான் எடுக்க மாட்டேன். மார்கழி, தையில் அறுபது நாள் குறித்தாலும் அது அறுபது சாட்சி ஆகாது. இன்றைய அழுத்தம் பெரும்பாலும் நேற்றையதை ஒட்டியே இருக்கும். ஒரு பருவத்துக்கு ஒரு சராசரி என்று எண்ணுங்கள்.

பனி தனி விஷயம். இரவு வானம் தெளிந்து, காற்று அடங்கி, ஈரப்பதம் இருந்தால் பனி இறங்கும். மேகம் மூடினாலோ வாடை விடாமல் அடித்தாலோ இறங்காது. அறுப்புக்குச் சில நாள் முன் தெளித்த உளுந்து மண்ணின் மிச்ச ஈரத்தையும் இந்தப் பனியையும் நம்பியே நிற்பதால் உங்கள் கவலை நியாயமானதே. அதைப் பாரோமீட்டரில் தேடாதீர்கள். குறைந்தபட்ச வெப்பநிலைமானி ஒன்று வாங்குங்கள். விடியலில் வைக்கோல் நனைந்திருந்ததா, இரவில் மேகம் இருந்ததா, காற்று இருந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்களே, எத்தனை இரவு துளைத்தது என்று எண்ணி வைத்தவர்கள் குறைவு. உங்கள் நோட்டு அங்கேதான் அருமையாகும்.

பழைய குறிப்பையும் தூக்கிப் போடவேண்டாம். வருகிற மார்கழியும் தையும் கொஞ்சம் சிரமப்படுங்கள். தினமும் காலை எட்டரைக்கு ஒருமுறை, மாலை நாலுக்கு ஒருமுறை மாடியில் பாருங்கள். வாரம் ஒருநாள் கருவியைக் கீழே இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு அங்கேயும் படியுங்கள். இரண்டு வேளைக்கும் இரண்டு தளத்துக்கும் உள்ள சராசரி வித்தியாசம் கையில் வந்ததும், 2019க்குப் பிந்தைய எண்களில் அதைக் கூட்டிப் பழையவற்றோடு சேர்க்கலாம். எட்டரையையே நிரந்தரமாக்குங்கள், நாகப்பட்டினம், காரைக்கால் நிலையங்களிலும் அதே நேரத்துக்கு அளப்பதால் ஒப்பிட வசதி. கருவியை மாடிக்கு மாற்றிய தேதி நினைவிருந்தால், நோட்டின் முதல் பக்கத்தில் இன்றே எழுதிவிடுங்கள்.