கால்நடை அறிவியல் பட்டத்துக்குக் கடன்: எவ்வளவு வரை வாங்கலாம்?

பிள்ளைக்கு விலங்குகள் என்றால் உயிர், கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது, கடன் வாங்கிச் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: சேரப்போவது கால்நடை அறிவியலா, கால்நடை மருத்துவமா? கால்நடை அறிவியலில் தீவனம், மரபியல், இனப்பெருக்கம், பால், இறைச்சி, பண்ணை நிர்வாகம் எல்லாம் உண்டு. ஆனால் அதை முடித்தவர் அறுவை சிகிச்சை செய்யவோ மருந்துச் சீட்டு எழுதவோ முடியாது. அதற்குத் தனிப் பட்டமும் பதிவும் வேண்டும். மருத்துவர் சம்பளத்தை மனதில் வைத்துக்கொண்டு அறிவியல் பட்டத்துக்குக் கடன் வாங்கும் குடும்பங்கள்தான் பிறகு தவணைக்குத் திண்டாடுகின்றன.

பலரும் கட்டணத்தைப் பார்த்துக் கடன் தொகையை முடிவு செய்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக் கிடைக்கும் முதல் வேலையில், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும்? அதில் 12 சதவீதத்துக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். கையில் 30,000 வந்தால் தவணை 3,600. நாணயம் எதுவானாலும் விகிதம் மாறாது.

10 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை என்றால் ஒவ்வொரு 1,00,000 கடனுக்கும் மாதம் சுமார் 1,322 கட்ட வேண்டும். ஆக 3,600 தவணை தாங்கும் கடன் சுமார் 2,72,000. இது வாங்கும் தொகை அல்ல, தவணை தொடங்கும் நாளில் நிற்கும் தொகை. நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுத் தொடக்கத்தில் 25,000 வீதம் 1,00,000 வாங்கினால், படித்து முடிக்கும்போது தனிவட்டி மட்டுமே 25,000 சேர்ந்திருக்கும். படிப்பு முடிந்தபின் தவணை கட்டாமல் இருக்க ஓராண்டுச் சலுகைக் காலமும் எடுத்தால் இன்னொரு 10,000. வட்டி அசலோடு சேர்ந்து 1,35,000 ஆகிறது, தவணை 1,784, கட்டி முடிக்கும்போது மொத்தம் சுமார் 2,14,000, வாங்கியதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். எனவே 2,72,000 தாங்கும் என்றால் வாங்கக்கூடியது ஏறக்குறைய 2,00,000தான். ஏழு மாதச் சம்பளம்கூட இல்லை!

'மொத்தக் கடன் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும்' என்ற விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 5 சதவீத வட்டிக்கு அது பரவாயில்லை: பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தில் 12.7 சதவீதம் தவணைக்குப் போகும். வட்டி 10 சதவீதமானால் அதே விதி 15.9 சதவீதத்தைத் தின்றுவிடும். தவணைக் காலத்தை 15 ஆண்டாக நீட்டினால் 1,00,000க்கான தவணை 1,075 ஆகக் குறையும், ஆனால் மொத்தமாகக் கட்டுவது 1,58,600இலிருந்து 1,93,400 ஆக ஏறும். முடிந்தால் படிக்கும்போதும் சலுகைக் காலத்திலும் வட்டியை அவ்வப்போதே கட்டிவிடுங்கள். மேலே சொன்ன 1,00,000 கடனில் அது மட்டுமே 20,000க்கு மேல் மிச்சப்படுத்தும்.

சம்பள எண்ணை எங்கிருந்து எடுப்பது? கல்லூரி விளம்பரத்தில் வரும் 'அதிகபட்ச சம்பளம்' எதற்கும் உதவாது. சராசரியும் ஏமாற்றும், இரண்டு பேர் பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால் மேலே போய்விடும். பட்டதாரிகளைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேளுங்கள். அதற்கும் கீழே, கடைசிக் கால்பகுதியின் எல்லையையும், அதாவது நால்வரில் ஒருவர் எந்தத் தொகைக்கும் குறைவாக வாங்குகிறார் என்பதையும் கேளுங்கள். கணக்கை அந்தக் கீழ் எண்ணில் போடுவதே என் பரிந்துரை. மேற்படிப்புக்குப் போனவர்களும் வேலை கிடைக்காதவர்களும் அந்தப் புள்ளிவிவரத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்பதும் தெரிய வேண்டும். கடன் புள்ளிவிவரத்திலும் இதே சிக்கல்: பெற்றோர் தம் பெயரில் வாங்கிய கடன் அதில் பெரும்பாலும் வராது.

ஒரே பட்டம்தான், ஆனால் வேலைக்கு வேலை சம்பளம் வேறு. தீவன ஆலையில் குறைந்த செலவில் தீவனக் கலவை வகுக்கத் தெரிந்தவர், குஞ்சு பொரிப்பகத்தில் பொரிப்பு விகிதம் ஏன் சரிந்தது என்று கண்டுபிடிப்பவர், இறைச்சி ஆலையில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவர் ஆகியோருக்கு ஒரு வழி. விலங்குகளைப் பராமரிக்கும் பொதுவான வேலைக்கு வேறு வழி. அதற்குப் பட்டமே இல்லாதவர்களும் போட்டி போடுவார்கள், சம்பளமும் அந்த அளவில்தான் நிற்கும். மருந்து, தீவன விற்பனையில் ஊக்கத்தொகை உண்டு, ஆனால் அதை நம்பித் தவணையைக் கணக்கிடாதீர்கள். பண்ணை வேலையில் தங்குமிடம் கொடுத்தால் வாடகை மிச்சம்; அதைச் சம்பளத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். புள்ளியியல், தீவனக் கலவை மென்பொருள், ஒரு முழுப் பருவப் பயிற்சி இந்த மூன்றும் பாடத்திட்டத்தில் இருக்கின்றனவா பாருங்கள்.

'இதை முடித்துவிட்டுக் கால்நடை மருத்துவத்துக்குப் போய்விடுவாள்' என்பது உங்கள் திட்டமானால், உங்கள் நாட்டில் அப்படி ஒரு பாதை உண்டா என்று முதலில் பாருங்கள். சில நாடுகளில் மருத்துவப் படிப்புக்குப் பள்ளி முடித்ததுமே நேரடியாகச் சேர வேண்டும். பாதை இருந்தாலும் இடம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, இரண்டாவது கடன் முதல் கடனின் மேல் ஏறும், முதல் கடனின் வட்டியும் நிற்காது. எனவே முதல் பட்டத்தின் கடன் அந்தப் பட்டத்தின் சம்பளத்திலேயே அடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் கடன் தருபவரிடம் கேளுங்கள்: வட்டி மாறக்கூடியதா? (12 சதவீதமானால் மேலே கண்ட 1,784 தவணை 1,937 ஆகும்.) படிக்கும் காலத்தில் தனிவட்டியா, கூட்டுவட்டியா? முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா? படிப்பைப் பாதியில் விட்டால் தவணை எந்த மாதம் தொடங்கும்?