பாலத்தில் மாட்டிய பாட்டில்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, மார்பில் கட்டி. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கிளினிக்கில் தடித்த ஊசியால் சதை எடுத்து, பாட்டிலில் போட்டு, ஜார்ஜ் டவுன் லேப்பில் கொடுக்கச் சொன்னார்கள். பினாங்கு பாலத்தில் நெரிசல், மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. ஐஸும் வைக்கவில்லை. சதை கெட்டிருக்குமா? உள்ளே இருந்தது பார்மலினாம், பிணத்துக்குப் போடுவதாமே. ரிசல்ட் தப்பாக வருமா? கசிந்து என் விரலிலும் பட்டது.

பதில்: சகோதரி, சதை கெடவில்லை. ஐஸ் வைக்காததும் நல்லதுதான், குளிரில் பார்மலின் மந்தமாகிவிடும்.

உடம்பிலிருந்து வெளியே வந்த சதை, தன்னிடமுள்ள நொதிகளால் (செரிக்கும் வேலையைச் செய்யும் புரதங்கள்) தன்னைத்தானே செரிக்கத் தொடங்கும். பசாரில் காலையில் விறைப்பாக இருந்த மீன் மத்தியானம் குழைந்துபோவதில் இந்த நொதிகளுக்கும் பங்குண்டு. பார்மலின் அதை நிறுத்துகிறது. பார்மலின் என்பது பார்மால்டிஹைடு என்ற ரசாயனம் கரைந்த தண்ணீர். லேப் பாட்டிலில் அது சுமார் 4 சதவீதம்தான். புரதச் சங்கிலியில் லைசின் போன்ற அமினோ அமிலங்களின் நுனியில் ஒரு நைட்ரஜன் கை நீட்டிக்கொண்டிருக்கும். பார்மால்டிஹைடு முதலில் அதைப் பிடிக்கும். பிறகு ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்றுபோக, மிஞ்சிய ஒற்றைக் கார்பன் பக்கத்துப் புரதத்தையும் பற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கார்பன் நீளத்துக்கு ஒரு பாலம்! இப்படிக் கோடிக்கணக்கில் விழும்போது நொதிகளும் கட்டுண்டுவிடும், அவையும் புரதம்தானே. முட்டையை அவித்தால் புரதம் உருக்குலைந்து கெட்டியாகிறது. இங்கே அது இருந்த இடத்திலேயே, பெரும்பாலும் இருந்த வடிவிலேயே பூட்டப்படுகிறது. நுண்ணோக்கியில் பார்ப்பவர் நம்பிப் படிப்பது இதைத்தான்.

மீஹூன் இழை மாதிரி மெலிந்த அந்தத் துண்டுக்குள் திரவம் சீக்கிரமே இறங்கிவிடும். பாலம் போடும் வேலைதான் நிதானமாக நடக்கும். மார்பகச் சதை குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஊற வேண்டும் என்பது லேப்பின் கணக்கு. உங்கள் மூன்று மணி நேரமும் அந்த ஊறலில் ஒரு பகுதிதான், மீதி நேரம் லேப்பில் ஊறும். கட்டி புற்று என்று தெரிந்தால் ஹார்மோன் ஏற்பிகளை (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) சோதிப்பார்கள். இந்தப் பாலங்கள் அவற்றை மறைத்திருக்கும், அதனால் சீவிய துண்டைச் சூடாக்கி மறைந்ததை வெளிக்கொண்டு வருவார்கள். போதாமல் ஊறினாலோ, அளவுக்கு மீறி ஊறினாலோதான் அங்கே சிக்கல்.

விரலுக்கு வருவோம். 1893இல் பிராங்க்பர்ட்டில் பெர்டினாண்ட் புளூம் என்ற மருத்துவர் பார்மால்டிஹைடைக் கிருமிநாசினியாகச் சோதித்தபோது, அவர் விரல்தோல் விறைத்துப்போனது. சதையைப் பதப்படுத்தும் யோசனையே அப்படிப் பிறந்ததுதான். உங்களுக்குப் பட்டது ஒரு துளி. சோப்பு போட்டு நிறையத் தண்ணீரில் கழுவியிருந்தால் போதும். அரிப்போ சிவப்போ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். புற்று பயம் வேண்டாம். அந்த ஆபத்து, வேலையிடத்தில் வருடக்கணக்காக இதன் ஆவியைச் சுவாசிப்பவர்களுக்கு. ஆனாலும் கசியும் பாட்டிலை மகளிடம் கொடுத்தனுப்பியது சரியில்லை, கிளினிக்கில் அதைச் சொல்லிவிடுங்கள்.

ரிசல்ட் வாங்க அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். அறிக்கையின் நகல் ஒன்றையும் கேட்டு வாங்கி வையுங்கள்.