இஞ்சின் மாற்றியபின் காடி பிடிக்கவில்லையா? சுங்கை சிப்புட் வாசகர்களின் இம்மொபிலைசர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. ஹாப்கட் (பழைய காடியிலிருந்து வெட்டியெடுத்து விற்கும் முன்பாதி) இஞ்சின் போட்டார்கள், காடி பிடிக்கவில்லை, பட்டறையில் “இம்மொபிலைசர் லோக் ஆயிடுச்சி” என்று சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வர வேறு வழியில்லாத குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமல்ல. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் காடி பிடிக்காதபடி செய்யும் திருட்டுத் தடுப்பு, இஞ்சினுக்குள் இல்லை. சாவியின் தலைக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் வளையம் இருக்கிறது. வளையம் அனுப்பும் மின்காந்த அலையிலிருந்தே (பல காடிகளில் 125 கிலோஹெர்ட்ஸ்) சிப் சக்தி பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் இம்மொபிலைசர் பெட்டி அந்த எண்ணைச் சரிபார்த்து, இஞ்சின் கம்ப்யூட்டருக்கு, அதாவது ஈசியுவுக்குச் சொல்லும். அதற்குப் பிறகுதான் ஈசியு பெட்ரோலையும் தீப்பொறியையும் விடும். சில மாடல்களில் பெட்டி தனியாக இருக்காது, ஈசியுவுக்குள்ளேயே அடங்கியிருக்கும். எப்படியானாலும் சாவி, பெட்டி, ஈசியு மூன்றும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும். இரும்பு இஞ்சின் எதுவாக இருந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை.

“அண்ணே, என் மைவி 1.3 இஞ்சின் ஜாம் ஆயிடுச்சி. ஈப்போவுல அதே மாடல் இஞ்சின் வாங்கி மாத்தினோம். கம்ப்யூட்டர், சாவி எல்லாம் பழசுதான். செல்ப் நல்லா சுத்துது, பிடிக்க மாட்டேங்குது. சாவி போட்டா டேஷ்போர்டுல இருக்கிற இம்மொபிலைசர் சிவப்பு விளக்கு ஒழுங்கா அணைஞ்சிடுது. இம்மொபிலைசரைக் கழட்டணும்னு சொல்றாங்க. கழட்டவா?” (எல்பில் தோட்டம்)

வேண்டாம் தம்பி. உங்கள் சாவியும் ஈசியுவும் மாறவே இல்லை, விளக்கும் ஒழுங்காக அணைகிறது. சாவியை ஏற்றுக்கொண்டாகிவிட்டது என்று காடியே சொல்கிறது. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. இஞ்சின் மாற்றும்போது கைபட்ட இடங்களில்தான் அதைத் தேட வேண்டும்.

முதலில் எர்த் வயரைப் பாருங்கள். இஞ்சினை இறக்கும்போது கழற்றிய எர்த் பட்டையைத் திரும்ப மாட்ட மறப்பது பட்டறைகளில் அடிக்கடி நடக்கும். மாட்டியிருந்தாலும் அடியில் பெயிண்டும் துருவும் சேற்றுமண்ணும் இருந்தால் மின்சாரம் சரியாகத் திரும்பாது. நம் செம்மண் பாதையில் ஓடும் காடிகளில் இது சாதாரணம். மீட்டரின் ஒரு முனையை இஞ்சின் பிளாக்கிலும் மற்றதை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதே நேரம் பேட்டரியையும் அளந்துவிடுங்கள். செல்ப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஈசியு தடுமாறும். இஞ்சின் மாற்றி முடிக்கும்வரை வாரக்கணக்கில் சும்மா நின்ற காடியின் பேட்டரியை நம்பாதீர்கள்.

அடுத்தது கிராங்க் சென்சர், அதாவது இஞ்சின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்லும் சென்சர். ஸ்கேனர் (ஈசியுவில் உள்ளதைப் படிக்கும் கருவி) வைத்திருப்பவரிடம் செல்ப் சுற்றும்போது ஆர்பிஎம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுமார் 200 காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் சென்சரோ, அதன் வயரோ, சாக்கெட்டோ போயிருக்கிறது. கிராங்க் சுற்றுவதே தெரியாத ஈசியு பெட்ரோலும் விடாது, தீப்பொறியும் விடாது. அதைப் பார்த்துத்தான் பலர் இம்மொபிலைசர் என்று சொல்லிவிடுகிறார்கள்.

உங்கள் இஞ்சின் அதே வகை என்பதால் அடுத்த தொல்லை உங்களுக்கு இருக்காது. ஆனால் வேறு இஞ்சின் போடுகிறவர்கள் கவனியுங்கள். சென்சர் படிக்கும் பல்சக்கரம் இஞ்சினுக்கு இஞ்சின் மாறும். சிலவற்றில் 36 பல்லில் இரண்டு விட்டிருக்கும், சிலவற்றில் 60 பல்லில் இரண்டு விட்டிருக்கும். ஈசியு எதிர்பார்க்கும் கணக்கு வராவிட்டால், ஆர்பிஎம் காட்டினாலும் காடி பிடிக்காது.

“நிசான் சென்ட்ரா 1.6க்கு 1.8 ஹாப்கட் வாங்கினேன். கம்ப்யூட்டரும் கூட வந்துச்சி, அதையே போட்டோம். சாவி கொடுக்கல. இப்ப சாவி போட்டா சிவப்பு விளக்கு அணையவே இல்ல, இஞ்சினும் பிடிக்கல. என்ன செய்யலாம்?” (ஜாலான் லிந்தாங்)

இது உண்மையான இம்மொபிலைசர் சிக்கல். வேறு காடியின் ஈசியு உங்கள் சாவியைக் கண்டதே இல்லை, எப்படி ஏற்கும்? ஸ்கேனரில் கோளாறு எண் 0513 (சாவி பொருந்தவில்லை) அல்லது 0633 (ஈசியுவில் சாவி பதியப்படவில்லை) என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் இந்த எண்களைப் பயன்படுத்துவதில்லை, அதனால் எண் வராவிட்டாலும் விளக்கை நம்பலாம்.

செலவு குறைந்த வழியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பழைய ஈசியு புது இஞ்சினுக்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். அதே குடும்பத்து இஞ்சின், அதே சென்சர்கள் என்றால் பழையதை மாட்டினாலே காடி பிடிக்கும். 1.6 கணக்கை வைத்து 1.8 இஞ்சினை வெகுகாலம் ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை, பெட்ரோல் கலவை சரியாக இராது. ஆனாலும் சோதித்துப் பார்க்க அது போதும். பழைய ஈசியுவில் விளக்கு அணைந்து இஞ்சின் பிடித்துவிட்டால், இஞ்சின் நல்லது, பிரச்சினை சாவிப் பொருத்தம் மட்டும்தான் என்று உறுதியாகிவிடும். அதற்குமேல் எந்தச் செலவையும் தைரியமாகச் செய்யலாம்.

பிறகு முறையான பதிவு. நிசானில் ஈசியு மாறினால் கன்சல்ட் என்ற அவர்களுடைய கருவியை வைத்து இம்மொபிலைசரைத் திரும்பப் பதிய வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் செய்வார்கள், நல்ல கருவி வைத்திருக்கும் சாவிக்கடைக்காரர்களும் செய்வார்கள். கையில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் கொண்டுபோங்கள். பதிவின்போது காட்டாத சாவி பிறகு வேலை செய்யாது.

அது முடியாத ஈசியுவாக இருந்தால், பழையதன் நினைவுச் சிப்பில் இருக்கும் இம்மொபிலைசர் பகுதியைப் புதியதற்கு நகல் எடுப்பார்கள். போர்டைத் திறந்து செய்யும் நுட்ப வேலை இது. இரண்டு ஈசியுவும் ஒரே வன்பொருள் வகையாக இருக்க வேண்டும். செய்பவர் முதலில் இரண்டையும் முழுசாகப் படித்துச் சேமித்து வைக்கிறாரா என்று கேளுங்கள். “தேவையில்ல” என்பவரிடம் ஈசியுவைக் கொடுக்காதீர்கள்.

ஹாப்கட் வாங்கப் போகும் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். இஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும் பேசி விலை முடிக்காதீர்கள். ஈசியு, இம்மொபிலைசர் பெட்டி, சாவித் துவாரம், அதைச் சுற்றிய வளையம், சாவி எல்லாம் ஒரே காடியிலிருந்து ஒரே செட்டாக வேண்டும் என்று தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) கேளுங்கள். கடையில் பெட்டிகளைக் கழற்றி ஒரு மூலையில் குவித்துவிட்டால் எது எந்தக் காடியுடையது என்று யாருக்கும் தெரியாது. செட் உடைந்துபோவதால் நம் பையன்கள் இரண்டாம் முறை பணம் கட்டுகிறார்கள். அந்தக் காசு ஒரு மாதச் சம்பளத்தில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 1990களின் ஜப்பான் காடிகள் பலவற்றில் இம்மொபிலைசரே கிடையாது. அப்படிப்பட்ட ஈசியுவாக இருந்தால் இந்தத் தலைவலியும் இல்லை.

“ரிமோட் பேட்டரி வீக்கா இருந்தா ஸ்டார்ட் ஆகாதா?”

ஆகும். கதவைத் திறக்கும் ரிமோட்டுக்குத்தான் பேட்டரி, சாவிச் சிப்புக்குப் பேட்டரியே கிடையாது. பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் காடியாக இருந்தால் ரிமோட்டைப் பட்டன்மீதே ஒட்டிவைத்து அழுத்துங்கள். பெரும்பாலான மாடல்களில் அப்படியும் படிக்கும். இன்னொன்று, சிப் வைத்த இரண்டு சாவிகளை ஒரே வளையத்தில் கோத்து வைக்காதீர்கள். ஒன்று மற்றதன் பேச்சைக் கெடுக்கும்.

“டொயோட்டாவுக்கு ஒரு வீடியோ வந்துச்சி. டேஷ்போர்டுக்குக் கீழ இருக்கிற சாக்கெட்ல 4, 13 ரெண்டையும் வயர் போட்டு அரை மணி நேரம் விட்டா சரியாகுமாம். உண்மையா?” (டவன்பி தோட்டம்)

உண்மைதான், ஆனால் எல்லாக் காடிக்கும் அல்ல. இம்மொபிலைசர் பெட்டி தனியாக இருக்கும் சில டொயோட்டா மாடல்களில், ஈசியுவை மட்டும் மாற்றியபோது பெட்டிக்கும் ஈசியுவுக்கும் பேச்சு நின்றுவிடும். 2799 என்ற கோளாறு எண் அதைத்தான் சொல்கிறது. அப்போது ஸ்கேனர் மாட்டும் 16 முனைச் சாக்கெட்டில் 4ஐயும் 13ஐயும் இணைத்து, சாவியை ஓனில் வைத்து, ஸ்டார்ட் செய்யாமல் 30 நிமிடம் விட்டால் இரண்டும் ஒன்றையொன்று பதிந்துகொள்ளும். உங்கள் சாவி அந்தப் பெட்டியில் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். ஈசியுவுக்குள்ளேயே இம்மொபிலைசர் அடங்கிய மாடலில் ஒரு நாள் முழுக்க விட்டாலும் ஒன்றும் நடக்காது.

பயம் எனக்கு வேறொன்றில். 16ஆம் முனையில் பேட்டரியின் நேர் மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். எண்ணைத் தப்பாக எண்ணி 4ஐயும் 16ஐயும் இணைத்தால் பியூஸ் போகும், வயர் சுடும். டார்ச் அடித்து, சாக்கெட்டின் முகத்திலேயே அச்சிட்ட எண்ணைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

“பிடிச்சி ரெண்டு செகண்ட் ஓடி அணைஞ்சிடுது. இம்மொபிலைசர்தானே?”

இருக்கலாம். சில காடிகள், குறிப்பாக வோக்ஸ்வேகன் வகைகள், முதலில் ஓடவிட்டுப் பிறகுதான் பெட்ரோலை நிறுத்தும். அணையும்போது சாவி விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னாவிட்டால் காற்று அளக்கும் சென்சரின் சாக்கெட் மாட்டியிருக்கிறதா, இன்டேக் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள்.

“பழைய வீரா 1.6. 4ஜி93 இஞ்சின் போட்டோம். வீராவுக்குக் கம்பெனி இம்மொபிலைசர் இல்லன்னு சொல்றாங்க. ஆனா சில நாள் செல்ப் அடிக்குது, சில நாள் சத்தமே இல்ல.” (ஹீவுட் தோட்டம்)

முந்தைய சொந்தக்காரர் கடையில் அலாரம் பூட்டியிருப்பார். அந்த அலாரங்கள் ஸ்டார்ட்டர் வயரையோ பெட்ரோல் பம்ப் வயரையோ வெட்டி நடுவில் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், வைக்கும். அலாரம் செத்துப்போனாலும் ரிலே அங்கேயே இருக்கும். இஞ்சின் மாற்றும்போது வயர்கட்டு ஆடியதில் அதன் இணைப்பு தளர்ந்திருக்கலாம். ஸ்டீயரிங் கம்பத்துக்குக் கீழே மூடியைக் கழற்றி, கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு வயர்களைத் தேடுங்கள். வயர்மேனிடம் அதை எடுத்துவிட்டு வயரை நேராகச் சேர்த்து ஈயம் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் மறுபடியும் இதே கதைதான்.

அதோடு ஒரு கேள்வி: கிராண்டில் (காடியின் பதிவுப் பத்திரத்தில்) இஞ்சின் எண்ணை மாற்றினீர்களா? இஞ்சின் மாற்றினால் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் பரிசோதனை முடித்து ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) பதிய வேண்டும், அதற்கு இஞ்சின் வாங்கிய ரசீது வேண்டும். சாலை வரியும் மாறும். 1597 சிசிக்கு 90 ரிங்கிட் கட்டினீர்கள். 4ஜி93 1834 சிசி. 1800க்கு மேல் 280 ரிங்கிட்டும் கூடுதல் ஒவ்வொரு சிசிக்கும் 50 சென்னும் என்ற கணக்கில் 297 ரிங்கிட் வரும். இன்சூரன்சுக்கும் சொல்லிவிடுங்கள். எண் பொருந்தாத காடி விபத்தில் மாட்டினால் இழப்பீடு கேட்பது பெரும்பாடு.

“மகன் இம்மொபிலைசரையே எடுத்துடலாம்ங்கிறான். எடுத்தா என்னாகும் சார்?” (ஒரு தாயார், சுங்கை சிப்புட் டவுன்)

ஓடும் அம்மா, ஆனால் யார் வேண்டுமானாலும் ஓட்டிப்போவார்கள். ஐரோப்பாவில் 1998 அக்டோபர் முதல் புதுக் காடிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியதே திருட்டைத் தடுக்கத்தான். ஒரிஜினல் சாவியின் சிப்பை எடுத்து வளையத்துக்குப் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுவதும் இதே கதை. அதன்பிறகு வெறும் இரும்புச் சாவியே போதும், திருடனுக்கும் போதும். ஈசியு எதற்கும் பொருந்தாமல் போய், வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுக்கலாம் என்பது என் கருத்து. அப்படி எடுத்தால் நல்ல ஸ்டீயரிங் லோக்கும், மறைவாக ஒரு பெட்ரோல் பம்ப் சுவிட்சும் வையுங்கள்.

உங்கள் காடியில் இப்போது எத்தனை சாவி இருக்கிறது? ஒன்றுதான் என்றால் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே இரண்டாவது சாவியைப் பதிந்துவிடச் சொல்லுங்கள். வேலை செய்யும் சாவி ஒன்று கையில் இருக்கும்போது அடுத்ததைப் பதிவது சுலபம். பல டொயோட்டாக்களில் இருக்கும் எல்லாச் சாவியும் தொலைந்துவிட்டால் பெட்டியையோ ஈசியுவையோ கழற்றித்தான் சரிசெய்ய முடியும். அதற்கு ஆகும் செலவில் இப்போது இரண்டு மூன்று சாவி போட்டுவிடலாம்.