வாசகர் கேள்வி-பதில்: கால் தேடும் பிரேக்

கேள்வி: நான் 26 ஆண்டுகளாக ஹோண்டா இஎக்ஸ்5 ஓட்டியவன். முன்னும் பின்னும் டிரம் பிரேக். பின் பிரேக் வலது காலில். முழங்கால் வலிக்கிறது என்று சொன்னதால், கியர் இல்லாத 155 சிசி ஸ்கூட்டர் ஒன்றைச் சென்ற மாதம் என் மகன் வாங்கித் தந்தான். முன் சக்கரத்துக்கு ஏபிஎஸ் உள்ள டிஸ்க் பிரேக், பின் சக்கரத்துக்கு டிரம், இரண்டுக்குமே கையில்தான் பிடி. காலையில் பிரட்டுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் காலை ஆள்கணக்கெடுப்பு) போகும்போது தோட்ட முச்சந்தியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. என் வலது கால் வண்டியின் கால்பலகையை ஓங்கி மிதித்தது, வண்டி நிற்கவில்லை. பிறகு கையால் பிடித்தபோது பிடி கடகடவென்று அதிர, பயந்து விட்டுவிட்டேன். மாடு நகர்ந்ததால் தப்பித்தேன். கோளாறு வண்டியிலா, என்னிடமா? பழைய வண்டிக்கே திரும்பிவிடலாமா?
- ஒரு மண்டோர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் வண்டி சரியாகத்தான் இயங்கியிருக்கிறது, உங்களையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆபத்து என்றதும் வலது காலை அழுத்தி 26 ஆண்டுகள் உயிரைக் காத்துக்கொண்ட உடம்பு, அன்றும் அதையே செய்தது. மனம் எண்ணி முடிப்பதற்குள் கால் முந்திக்கொள்கிறது. கப்சாயிலிருந்து, அதாவது இஎக்ஸ்5 போன்ற கியர் உள்ள சிறிய வண்டியிலிருந்து, ஸ்கூட்டருக்கு மாறிய பலரிடம் நான் இதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் எவரும் நிதானமாகப் போகும்போது தவறு செய்யவில்லை. திடுக்கிட்ட நொடியில்தான் செய்தார்கள். ஒரு மாதமாக நன்றாகத்தான் ஓட்டுகிறேன் என்ற நம்பிக்கை ஆபத்தானது என்று நான் சொல்வது இதனால்தான்.

60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். கால் பலகையை மிதித்து, ஒன்றும் நிகழவில்லை என்று உணர்ந்து, கை பிடியைத் தேடிச் செல்லும் அந்த நொடியில் நீங்கள் இழப்பது அந்த 17 மீட்டர். ஆகவே முதலில் மாற்ற வேண்டியது உடம்பின் பழக்கத்தை. அது அறிவுரையால் மாறாது, பயிற்சியால்தான் மாறும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொது மண்டபத்தின் கார் நிறுத்துமிடம் போன்ற காலியான, காய்ந்த தார்த்தளம் ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுசெல்லுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, 'கை' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இரண்டு பிடிகளையும் சேர்த்து அழுத்தி நிறுத்துங்கள். வெட்கப்படாமல் உரக்கச் சொல்லுங்கள்; பயிற்சியில் மீண்டும் மீண்டும் சேர்த்துச் சொன்ன சொல்லும் செயலும் அவசரத்தில் சேர்ந்தே வரும். அது இயல்பானதும் 30, பிறகு 40. அடுத்த கட்டமாக உங்கள் மகனை ஓரமாக நிற்கவைத்து, நீங்கள் எதிர்பாராத நேரத்தில் அவர் கையைத் தூக்கும்போது நிறுத்திப் பழகுங்கள். நாளுக்கு கால் மணி நேரம் என்று மூன்று வாரமாவது செய்யுங்கள். அந்த வாரங்களில் பழைய வண்டியைத் தொடவே வேண்டாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறி மாறி ஓட்டினால் உடம்பு எதையும் பிடித்துக்கொள்ளாது.

இஎக்ஸ்5-இல் உங்கள் இடக்கைக்கு வேலையே இருந்ததில்லை: கிளட்ச் தானாக இயங்கியது, கியர் இடது காலில் இருந்தது. இப்போது பின் பிரேக் அந்தக் கைக்குத்தான் வந்திருக்கிறது. வலக்கையின் வேலையும் மாறிவிட்டது. டிரம் பிரேக்கைக் கம்பியால் இழுத்த கை, பிடியை முழு பலத்தோடு இழுக்கப் பழகியிருக்கும். டிஸ்க் பிரேக்கில் எண்ணெயின் அழுத்தம் வேலை செய்வதால் இரண்டு மூன்று விரல்களே போதும். முதலில் மெல்ல அழுத்தி, வண்டியின் மூக்கு சற்றுத் தாழ்வதை உணர்ந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது. பலமாக நிறுத்தும்போது நிறுத்தும் விசையில் பத்தில் ஏழு பங்கு அல்லது அதற்கும் மேல் முன் சக்கரமே தருகிறது. முன் பிரேக்கைத் தொட்டால் கவிழ்ந்துவிடுவோம் என்று நம் தோட்டப்புறங்களில் தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த அச்சத்தால் பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவருக்கு, நிற்பதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் தேவைப்படும்.

இனி அந்த அதிர்வு. சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தை ஓர் உணரி எண்ணிக்கொண்டே இருக்கிறது. சக்கரம் சுழல்வது சட்டென்று நின்றுபோகும் நிலைக்கு வந்தால், ஏபிஎஸ் பிரேக்கின் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை தளர்த்தித் தளர்த்திக் கொடுக்கிறது. அதுவே உங்கள் கையில் அதிர்வாகத் தெரிந்தது. வண்டி உங்களுக்காக உழைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நீங்கள் பிடியை விட்டுவிட்டீர்கள். அதிர்ந்தால் விடாதீர்கள், இன்னும் உறுதியாகப் பிடித்துக்கொண்டு, பார்வையை மாட்டின் மீது வைக்காமல் போக வேண்டிய இடைவெளியின் மீது வையுங்கள். பயிற்சித் தளத்தில் ஒரு முறையாவது அந்த அதிர்வை வேண்டுமென்றே வரவழைத்து, கைக்கு அறிமுகம் செய்துவையுங்கள். 1988-இல் பிஎம்டபிள்யூவின் பெரிய மோட்டார் சைக்கிளில் வந்த இந்த அமைப்பு, நம்மைப் போன்றவர்களின் சிறிய வண்டிக்கு இறங்கி வர நெடுங்காலம் ஆயிற்று. வந்த பிறகு அதைக் கண்டு அஞ்சி விட்டுவிடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்கூட்டரில் பிரேக் பிடிக்கும் முன் முறுக்குப்பிடியை முழுவதும் மூடிவிடுங்கள். சிறிது திறந்திருந்தாலும் இயந்திரம் வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் இரண்டாம் கியருக்கு இறக்கி வேகத்தை அடக்கிய வசதியும் இனி இல்லை. ஆகவே இறக்கத்தின் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். பின் டிரம்மை மட்டும் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால், அது சூடேறிப் பிடிமானம் குறையும்.

பழைய வண்டிக்குத் திரும்ப வேண்டாம். உங்கள் முழங்காலுக்கு இது நல்லது. மூன்று வாரப் பொறுமைதான் தேவை.

கேள்வி: என் கணவர் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் வேகமாகப் போகிறார். ஏபிஎஸ் இருப்பதால் வழுக்காது என்கிறார். உண்மைதானா?
- ஒரு வாசகி, கோலகங்சார்

பதில்: இல்லை, சகோதரி. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். தரையில் இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது. சரளைக்கல்லிலும் உதிரி மண்ணிலும் ஏபிஎஸ் உள்ள வண்டி நிற்க இன்னும் கூடுதலான தூரம் எடுக்கலாம். அங்கே சக்கரம் மீண்டும் மீண்டும் விடுவிக்கப்பட்டு உருண்டுகொண்டே போகும். வளைவில் சாய்ந்திருக்கும்போது பலமாகப் பிடித்தாலும், சாய்வை அறியாத சாதாரண ஏபிஎஸ் உங்களைக் காப்பாற்றும் என்று எண்ணக் கூடாது. குலை ஏற்றிய லோரிகள் திரும்பும் முனைகளில் உதிர்ந்து நசுங்கிய செம்பனைப் பழம் எண்ணெயாகப் பரவியிருக்கும். அதன் மேல் முதல் மழை விழுந்த நேரம் மிகக் கொடியது. இருவர் ஏறிய வண்டிக்கு நிற்கும் தூரமும் கூடும். இந்தப் பதிலைக் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். நீங்கள் பின்னால் இருக்கும்போதாவது, வளைவுக்கு முன்பே, நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கப்சாய்க்கு எடுத்த பி2 உரிமத்தை வைத்து 155 சிசி ஸ்கூட்டர் ஓட்டலாமா?
- ஒரு மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: ஓட்டலாம். மலேசியாவின் பி2 மோட்டார் சைக்கிள் உரிமம் 250 சிசி வரை செல்லும்.

கேள்வி: புது வண்டியின் பிரேக் முதல் வாரம் மந்தமாக இருந்தது. மேலும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார். குறையாத எண்ணெயை ஏன் மாற்ற வேண்டும்?
- ஒரு வாசகர், தாப்பா

பதில்: புதிய பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்திய பிறகே முழுப் பிடிமானம் கிடைக்கும். முதல் 500 கிலோமீட்டர் வரை, அவசரம் இல்லாதபோது திடீரென்று பலமாகப் பிடிப்பதைத் தவிர்த்து, முன்கூட்டியே மெல்ல நிறுத்துங்கள். புதிய டயரின் மேல்தோலும் வழுவழுப்பாக இருக்கும் என்பதால், முதல் 100, 150 கிலோமீட்டருக்கு வளைவுகளில் அடக்கமாகச் செல்லுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கடைக்காரர் சொல்வது சரி. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நம்முடையதைப் போன்ற ஈரம் மிகுந்த நாட்டில் அதைத் தடுக்க முடியாது. ஈரம் சேர்ந்த எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும், குமிழி உண்டாகும், நீண்ட இறக்கத்தில் பிடி திடீரென்று பஞ்சுபோல் உள்ளே போய்விடும். அளவு குறையாமல் இருப்பதால் தரமும் குறையவில்லை என்று ஆகாது. தொட்டியின் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று பொறித்திருப்பதைப் பார்த்து, அதே வகையில் புதிதாக முத்திரை உடைத்த புட்டியிலிருந்து ஊற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். அதற்குப் பதிலாக இயந்திர எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் உப்பிக் கெட்டு, பிரேக்கே செயலிழந்துவிடும்.