கல்லீரலுக்குப் பரவிய பிறகும் சிறுகுடல் நியூரோஎண்டோக்ரைன் கட்டியை ஏன் அறுத்து எடுக்கிறார்கள்?

"குடலில் 1 செ.மீ. கட்டிதான், ஆனால் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. இனி குடலில் அறுவை எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

நியூரோஎண்டோக்ரைன் கட்டி என்பது ஹார்மோன் சுரக்கும் செல்களில் உருவாகும் ஒருவகைப் புற்றுநோய். இதன் அளவை வைத்து ஆபத்தைக் கணிக்க முடியாது. பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில், சில நேரம் பல இடங்களில் முளைக்கும். 1 செ.மீ.க்குக் குறைவாக இருக்கும்போதே குடலைத் தாங்கும் மடிப்பிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போய்விடலாம். உண்மையான தொல்லை அங்கேதான். கணுக்களைச் சுற்றித் தழும்புபோல நார்த்திசு இறுகி, குடலை மடக்கி இழுக்கும். ரத்தக் குழாய்களையும் நெரிக்கும். சாப்பிட்டதும் வயிறு வலிப்பது, குடல் அடைப்பு எல்லாம் இதனால் வரலாம். அதனால்தான் கல்லீரலில் பரவியிருந்தாலும், தொல்லை தரும் குடல் பகுதியைக் கணுக்களோடு எடுக்கிறார்கள். தொல்லையே இல்லாதவருக்கு உடனே அறுவை வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

அறுவையின்போது மருத்துவர் சிறுகுடல் முழுவதையும் விரலால் தடவிப் பார்ப்பது மிக முக்கியம். ஸ்கேனில் தெரியாத சிறு கட்டிகள் அப்படித்தான் அகப்படும். கணுக்கள் முக்கியத் தமனியை ஒட்டியிருந்தால் அதைக் காப்பாற்றியே வெட்ட வேண்டும். இல்லையென்றால் நீண்ட குடலை இழக்க நேரும்.

கல்லீரல் கட்டிகளையும் முடிந்தவரை குறைத்தால், அவை சுரக்கும் ஹார்மோன்களால் வரும் முகச்சிவப்பு, வயிற்றுப்போக்கு தணியும். சரி, முகச்சிவப்பு உள்ளவர் அதை மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த ஹார்மோன்களால் அறுவை மேசையிலேயே ரத்த அழுத்தம் திடீரென ஏறி இறங்கலாம். ஹார்மோன் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைடு மருந்து தயாராக இருக்க வேண்டும்.