இரவு 2 மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: எனக்கு வயது 47. பாளையங்கோட்டைக்காரி. கணவர் வேலைக்காக இரண்டு வருடம் முன்பு கோவை சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தோம். எட்டு மாதத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது நடக்கிறார், ஆனால் வலது கையும் காலும் முழுதாக வசப்படவில்லை. மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். போன மாதம் இரவு 2 மணிக்குக் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். என்னால் தூக்க முடியவில்லை. போனில் 400 பேர் எண் இருக்கிறது, கூப்பிட ஒரு பெயர் தோன்றவில்லை. முக்கால் மணி நேரம் ஈரத் தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரே சுவரைப் பிடித்து எழுந்தார். ஊரில் இருக்கும் அக்காவிடம் தினமும் பேசுகிறேன். பள்ளித் தோழிகள் 63 பேர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். இங்கே எல்லோரும் ‘சொல்லுங்க’, ‘சரிங்க’ என்று மரியாதையாகப் பேசுகிறார்கள், அதோடு சரி. இந்த வயதில் புதிதாக நட்பு கிடைக்குமா? அதற்கு எனக்கு நேரம்தான் ஏது?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: அன்புச் சகோதரி,

அந்த முக்கால் மணி நேரத்தை நினைத்தால் மனசு கனக்கிறது. நட்பைப் பற்றிப் பிறகு பேசுவோம். இன்னொரு இரவு அப்படி நடந்தால் நீங்கள் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது. அதற்கான ஏற்பாட்டை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

ஐந்து நிமிடத்துக்குள் வந்து நிற்கக்கூடிய இரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். நெருக்கம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், தூரத்தை மட்டும் பாருங்கள். எதிர் வீடு ஒன்று, மேலோ கீழோ ஒரு வீடு. பகலில், நேரில் போய்க் கேளுங்கள். மெசேஜில் கேட்காதீர்கள். மொட்டையாக ‘ஏதாவது உதவி வேணும்னா கேக்கலாமா?’ என்று கேட்டால் ‘தாராளமா’ என்பார்கள், உங்களுக்கும் அவர்களுக்கும் அதற்கு அர்த்தம் தெரியாது. இப்படிக் கேளுங்கள்: ‘எங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து தேறிட்டு வர்றார். ராத்திரி விழுந்துட்டா என்னால தனியாத் தூக்க முடியாது. வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை அப்படி ஆகலாம். அப்ப உங்களை எழுப்பலாமுங்களா?’ என்ன வேலை, எத்தனை தடவை என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். தயங்கினால் வருத்தப்படாமல் அடுத்த வீட்டைக் கேளுங்கள்.

சம்மதம் கிடைத்த பிறகுதான் சின்னச் சின்ன விஷயங்கள் கோட்டை விடப்படும். பலர் இரவில் போனை சைலன்டில் போட்டுவிடுவார்கள். சைலன்டுக்குப் பதில் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ வைத்து, உங்கள் எண் மட்டும் ஒலிக்கும்படி அதில் அனுமதி கொடுக்கச் சொல்லி, ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள். இன்டர்காம் இருந்தால் இன்னும் நல்லது. கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் படுத்தால் மாற்றுச் சாவி கொடுத்தும் பயனில்லை. சாவிப் பூட்டு மட்டும் போடுங்கள், ஒரு சாவி எதிர் வீட்டில் இருக்கட்டும். குளியலறைக் கதவை அவர் உள்ளே தாழிடவே வேண்டாம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளில் மாத்திரைகளின் பெயர், பார்க்கும் டாக்டர், மருத்துவமனை, மகளின் எண் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள்.

தூக்க வருகிறவர்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பலவீனமான வலது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள்மூட்டு தளர்ந்திருக்கலாம், இழுத்தால் விலகிவிடலாம். எப்படி எழுப்புவது என்று பிசியோதெரபிஸ்ட்டை ஒருமுறை உங்கள் இருவரையும் வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டிருந்தாலோ, பேச்சு குழறினாலோ, இடுப்பு வலி என்றாலோ எழுப்ப முயலாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் தலையில் சின்ன அடி என்றாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிடைக்கும். ஆனால் நட்பு என்பது மனசுக்கு மனசு ஒட்டிக்கொள்வதால் வருகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒட்டுவதற்கு மணிக்கணக்கு வேண்டும். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், புது ஊருக்குக் குடிபோனவர்களையும் புதிதாகக் கல்லூரிக்கு வந்த மாணவர்களையும் வைத்து ஆராய்ந்து 2018-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். முகம் தெரிந்தவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். சேர்ந்து வேலை பார்த்த நேரத்துக்கு அதில் அவ்வளவு பலனில்லை. வேலையெல்லாம் இல்லாமல் சும்மா கூட இருந்த நேரம்தான் கணக்கில் ஏறியது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வருடக் கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒருவரையொருவர் தெரியாமல் இருப்பது இதனால்தான்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். எதிர் வீட்டுப் பெண்மணியோடு லிஃப்டில் தினம் அரை நிமிடம் பேசினீர்கள் என்று வைத்தால், இரண்டு வருடத்தில் மொத்தம் 6 மணி நேரம். ‘இரண்டு வருடமாகியும் ஒட்டவில்லை’ என்று நீங்கள் நினைப்பது இந்த 6 மணி நேரத்தைத்தான். உங்களிடமும் குறையில்லை, அவரிடமும் குறையில்லை.

அந்த ‘ங்க’வைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் நெருக்கம் வந்தால் ‘ஏட்டி’ என்று இறங்கிவிடும். ‘வாங்க, போங்க’ நீடித்தால் இன்னும் வாசலில்தான் நிற்கிறோம் என்று பொருள். கொங்குப் பேச்சு அப்படியல்ல. முப்பது வருடத் தோழிகளும் ‘வாங்க, போங்க’தான், பெற்ற பிள்ளையையே ‘வாங்க தம்பி’ என்று கூப்பிடும் வீடுகள் உண்டு. அந்த மரியாதையைத் தூரம் என்று எண்ணி நீங்களே ஓரடி பின்னால் போயிருக்கலாம்.

நேரம் இல்லாத உங்களுக்கு 50 மணி நேரம் எங்கிருந்து வரும்? ஏற்கெனவே போய்வரும் இடத்திலிருந்து எடுங்கள். பிசியோதெரபிக்குக் கணவரைக் கூட்டிப்போகிறீர்கள் அல்லவா? உள்ளே அவருக்குப் பயிற்சி நடக்கும்போது வெளியே நாற்காலியில் உங்களைப் போலவே காத்திருக்கும் மனைவிகள், மகள்கள், மருமகள்கள் இருப்பார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமை, ஒரே நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். நேரம் மாறிக்கொண்டே இருந்தால் முகங்களும் மாறிக்கொண்டே இருக்கும். ‘உங்க வீட்ல யாருக்குங்க? எத்தனை மாசம் ஆச்சுங்க?’ என்ற கேள்வியில் தொடங்கும் பேச்சு, சட்டைப் பொத்தான் போட எப்படிப் பழக்கினார்கள், இடது கையால் சாப்பிட எத்தனை நாளானது, மாமியார் என்ன சொன்னார் என்று தானாக நீளும். உங்கள் களைப்பை விளக்கிச் சொல்லத் தேவையில்லாத கூட்டம் அது. டாக்டருக்குத் தெரியாத சின்ன உபாயங்கள் அவர்களிடம் இருக்கும்.

இன்னொரு இடம் உங்கள் குடியிருப்புக்குள்ளேயே இருக்கட்டும். 1950-ல் வெளியான ஒரு பழைய ஆய்வு இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் குடும்பங்கள் வாழ்ந்த குடியிருப்பில் உளவியலாளர் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் யார் யாருக்கு நண்பர் என்று விசாரித்தார்கள். அடுத்தடுத்த கதவுக்காரர்களில் 41 சதவீதம் பேர் நண்பர்கள், அதே மாடியின் இரு கோடிகளில் இருந்தவர்களில் 10 சதவீதம்தான். மாடிப்படிக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் கிடைத்தார்கள். குணமோ ஜாதகமோ பார்த்து அமைந்ததில்லை, வழியில் அடிக்கடி எதிர்ப்பட்டதால் அமைந்தது. நீங்களும் எதிர்ப்படும் இடத்தில் இருங்கள். கணவர் தூங்கும் மாலை 5 மணிக்கு, வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம், ஒரே பெஞ்சு. குழந்தைகளை விளையாட விட்டுவிட்டு நிற்கும் பாட்டிமாரும் அம்மாக்களும் அங்கேதான் இருப்பார்கள். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், 50 மணி நேரத்துக்கு 20 வாரம். தை பிறந்ததும் தொடங்கினால் வைகாசியில் ஒரு தோழி.

முதல் மூன்று நான்கு வாரம் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். பெரும்பாலானவர்கள் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் பெரிய கூட்டங்களுக்குப் போய் ஈடுகட்ட நினைக்காதீர்கள். பொங்கல் விழாவில் நூறு பேரைப் பார்ப்பதைவிட ஒரே முகத்தை நூறு முறை பார்ப்பது பலன் தரும்.

அடுத்து ஓர் உறை மோர் விஷயம், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். வீட்டில் நிஜமாகவே உறைக்கு மோர் இல்லாத ஓர் இரவு, வெறும் கையோடு எதிர் வீட்டு மணியை அடியுங்கள். ‘உறை ஊத்த ஒரு கரண்டி மோர் கிடைக்குமுங்களா?’ கேட்பதற்கு இதைவிடச் சின்ன உதவி கிடையாது. ஆனால் நாளைக்கு அவர் வீட்டில் ஒன்று குறையும்போது உங்கள் மணியை அடிக்க அவருக்கு இது உரிமை கொடுக்கிறது. எப்போதும் கொடுத்துக்கொண்டு மட்டும் இருப்பவரிடம் யாரும் நெருங்க முடியாது, கடன்பட்ட கூச்சம் வந்துவிடும். நீங்கள் அக்காவிடம்கூட எதையும் கேட்காதவராக இருப்பீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது.

ஒரு வாரம் கழித்து, அவர் மோர் கொடுத்த கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காதீர்கள். உங்கள் ஊர் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் கொஞ்சமாக, இரண்டு பேர் ருசி பார்க்கும் அளவு. பெரிய டப்பா நிறையக் கொடுத்தால் பதிலுக்கு அதே அளவு செய்ய வேண்டுமே என்று அவருக்குப் பாரமாகிவிடும். பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பதில் எதிர் வீட்டுக்காரரும் நம்மைப் போலத்தானே. அரிசிம்பருப்புச் சோறு வரும், பிறகு ஏன் இரண்டிலும் பருப்பு வேறு வேறு என்று பேச்சு வரும். பாத்திரம் எப்போதும் ஏதாவது ஒரு வீட்டில் பாக்கி நிற்கட்டும். கணக்கு நேராகிவிட்டால் மணி அடிக்கக் காரணம் இருக்காது.

பேச்சு தொடங்கிய பின் எவ்வளவு சொல்வது? முதல் வாரத்திலேயே எட்டு மாதக் கதையையும் கொட்டினால் கேட்பவர் மிரண்டுபோவார். எதையுமே சொல்லாவிட்டால் லிஃப்ட் பேச்சாகவே நின்றுவிடும். அவர் ஒன்று சொன்னால் அதே கனத்தில் நீங்களும் ஒன்று சொல்லுங்கள். அவர் சொன்னதை நினைவில் வைத்து ‘பொண்ணுக்கு இன்டர்வியூ என்ன ஆச்சுங்க?’ என்று மறுவாரம் கேளுங்கள். நல்ல செய்தி சொன்னால் கையிலிருப்பதை வைத்துவிட்டு முழுசாகக் கேளுங்கள், ‘எப்படித் தெரிஞ்சுது, யார் முதல்ல போன் பண்ணாங்க’ என்று விவரம் கேளுங்கள். கஷ்டத்தில் கூட நிற்பதற்கு நிகராக, சந்தோஷத்தில் உடன் சந்தோஷப்படுவதும் உறவைப் பலப்படுத்துகிறது என்பது ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளரின் ஆய்வுகளில் தெரியவந்தது. துக்கத்துக்கு மட்டும் தேடப்படும் தோழி சீக்கிரம் களைத்துப்போவாள்.

ஒரே தோழி எல்லாமாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தூக்கிவிட வருபவர் எதிர் வீட்டுக்காரர். பக்கவாதம் பற்றித் தெரிந்தவர் பிசியோதெரபி வாசலில் இருப்பவர். அழுகையைக் கேட்பவர் அக்கா. சிரிக்க வைப்பவர் அந்த 63 பேரில் ஒருத்தி. குழுவில் காலை வணக்கம் போடுவதால் யாரும் நெருங்கிவிடுவதில்லை. உங்களுக்குப் பிடித்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒருத்திக்குப் புதன் மாலை, இன்னொருத்திக்குச் சனி மாலை, 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நேரம் கிடைக்கும்போது பேசுவோம்’ என்ற நட்பில் நேரம் கிடைப்பதே இல்லை.

ஓர் எச்சரிக்கை. பழகி ஒரு மாதத்துக்குள் சீட்டு சேரச் சொல்பவரிடமோ, ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்று ஆள் சேர்ப்பவரிடமோ பணத்தைக் கொண்டுபோகாதீர்கள். ‘வீட்டுக்காரர் மருத்துவச் செலவு இருக்கு, முடியாதுங்க’ என்ற ஒரு வரி போதும். நட்பு நிஜமானால் அதன் பிறகும் இருக்கும். ஒரு வீட்டு விஷயத்தை இன்னொரு வீட்டில் சொல்பவரிடம் உங்கள் வீட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், ‘எதற்கு இருக்கிறோம்’ என்ற எண்ணம் வந்தால், தோழிக்காகக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். 2022 முதல் இயங்கும் அரசு சேவை, இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, உங்கள் கணவரின் நண்பர்கள். முதல் மாதம் ஹார்லிக்ஸோடு வந்திருப்பார்கள், பிறகு நின்றிருப்பார்கள். அன்பு குறைந்து நிற்பதில்லை, வந்து என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அவருடைய அலுவலக நண்பர் ஒருவருக்குப் போன் போட்டு, வேலையாகவே கொடுத்துவிடுங்கள்: ‘ஞாயித்துக்கிழமை 11 மணிக்கு வந்து ஒரு மணி நேரம் இருங்க. கேரம் போர்டு இருக்கு, அவர் இடது கையாலதான் அடிப்பார், நீங்களும் இடது கையால அடிங்க.’ இன்னதைச் செய் என்று சொன்னால் ஆண்கள் வருவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் காய்கறி வாங்கப் போகாதீர்கள், துணி மடிக்காதீர்கள். கீழே இறங்கி அந்த பெஞ்சில் போய் உட்காருங்கள்.