ஷார்ட் ஷிஃப்டர் மாட்டும் முன் லீவரின் ஆட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: என் மேனுவல் கார் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கியர் மாற்ற லீவரை வெகுதூரம் தள்ள வேண்டியிருக்கிறது, லொடலொடவென்று ஆடவும் செய்கிறது. ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் சரியாகுமா? நானே மாட்டலாமா?

பதில்: நீங்கள் சொல்லியிருப்பது இரண்டு தனித்தனிக் குறைகள். ஷார்ட் ஷிஃப்டர் என்பது கியர் லீவருக்குப் பதிலாக மாட்டும் பாகம். அது தள்ளும் தூரத்தைக் குறைக்கும், ஆட்டத்தைக் குறைக்காது. இன்ஜினை நிறுத்தி, மூன்றாவது கியரில் போட்டு லீவரை விரல் நுனியால் அசைத்துப் பாருங்கள். நியூட்ரலில் பக்கவாட்டில் அசைவது இயல்புதான். கியரில் இருக்கும்போதும் தாராளமாக ஆடினால் லீவரின் அடியிலோ, அதைக் கியர் பாக்ஸோடு இணைக்கும் கேபிளின் முனையிலோ உள்ள புஷ்கள் (ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையங்கள்) தேய்ந்திருக்கின்றன. முதலில் அவற்றை மாற்றுங்கள். செலவு குறைவு, பலரும் அதோடு திருப்தியாகி நின்றுவிடுவார்கள்.

அதற்குப் பிறகும் தூரம் அதிகமாகத் தோன்றினால் ஷார்ட் ஷிஃப்டருக்கு வரலாம். லீவர் ஒரு மூட்டில் சுழல்கிறது. மூட்டுக்கு மேலே நீளமான பகுதி, கீழே கேபிளை இழுக்கும் குட்டையான பகுதி. கீழ்ப்பகுதியை நீட்டினாலோ மேல்பகுதியைக் குறைத்தாலோ கை நகரும் தூரம் குறையும். ஆனால் கியர் பாக்ஸுக்குத் தேவையான விசை குறையாது. தூரம் 30 சதவீதம் குறைந்தால் கை கொடுக்க வேண்டிய அழுத்தம் 40 சதவீதத்துக்கும் மேல் கூடும். தினமும் நெரிசலில் ஓட்டும் காருக்கு 20 சதவீதம் அளவில் குறைப்பதே போதும் என்பேன்.

இரண்டாவது கியரில் இப்போதே கரகரவென்று சத்தம் வருகிறதா? அப்படியானால் இதைப் போடாதீர்கள். கிளட்ச், கியர் ஆயில், சிங்க்ரோ வளையம் (கியர் விழும் முன் சுழலும் வேகங்களை ஒத்துப்போக வைப்பது) ஆகியவற்றைப் பார்க்க வேண்டிய கோளாறு அது.

லீவர் நேராகக் கியர் பாக்ஸுக்குள் இறங்கும் கார்களில், குறிப்பாகப் பின்சக்கர இயக்கம் உள்ளவற்றில், சில சமயம் அடியில் போய் சைலன்சர் குழாயைக்கூடக் கழற்ற நேரும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். கேபிள் வகை என்றால் பொறுமை உள்ள யாரும் மாட்டலாம்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, நியூட்ரலில் வையுங்கள். பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி நடுக் கன்சோலுக்கு (முன் சீட்டுகளுக்கு நடுவே லீவரைச் சுற்றியுள்ள மூடி) அடியில்தான் இருக்கும். அதனால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே கன்சோலைத் தொடுங்கள். கேபிள் முனைகளைக் கழற்றும்போது ஒரு பக்கமாக நெம்பினால் பிளாஸ்டிக் உடையும். கேபிள் முனையை நேராகப் பிடித்து மேலே தூக்குங்கள். எந்தக் கேபிள் எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதிய மூட்டில் பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் ஒத்துப்போகும் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள்.

அடுத்த வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கேபிள்களைக் கியர் பாக்ஸ் பக்கம் கழற்றி, அவை மாட்டியிருந்த சிறு நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளி அது போகும் முழு எல்லையையும் குறித்துக்கொள்ளுங்கள். சில கியர்கள் விழாமல் முரண்டு பிடித்தால் வம்படியாகத் தள்ளாதீர்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டு, கட்டையை எடுத்து, காரைக் கொஞ்சம் உருட்டிப் பாருங்கள். அப்புறம் கேபிள்களை மாட்டி, ஒருவர் லீவரை நகர்த்த, நீங்கள் பானெட்டைத் திறந்து அந்த நெம்புகோலைக் கவனியுங்கள். ஒவ்வொரு கியரிலும் குறித்த எல்லை வரை வந்தால்தான் கியர் முழுதாக விழுந்திருக்கிறது. பாதியில் நின்றால் ஓட்டும்போது கியர் நழுவி நியூட்ரலுக்கு வரும், பற்களும் தேயும். கேபிள் முனையில் சரிசெய்யும் பூட்டு இருந்தால், லீவரையும் கியர் பாக்ஸையும் நியூட்ரலில் வைத்து மீண்டும் பூட்டுங்கள்.

கன்சோலைப் பூட்டிய பின் இன்னொரு முறை எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். லீவர் கன்சோல் விளிம்பில் இடித்தாலும் கியர் பாதியில் நின்றுவிடும்.

முதல் சில நாட்கள் ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கும்போது நிதானம் வேண்டும். லீவரின் இடைவெளி குறைந்திருப்பதால் கை தவறி இரண்டாவது கியரில் விழ வாய்ப்புண்டு. வேகமாகப் போகும்போது அப்படி விழுந்து கிளட்சை விட்டால் இன்ஜின் தாங்கும் வேக எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தாண்டிச் சுழலும், வால்வு வளையலாம். ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டி கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.